சினைப்பை ஒன்றும் குடல்வால் இல்லை

"கர்ப்பப்பையை எடுக்கும்போது கூடவே அந்த ரெண்டையும் எடுத்துடலாம்மா. பிள்ளைங்க பெத்தாச்சு. இனிமே அதுக்கு என்ன வேலை?"

இந்தப் பேச்சை உங்களில் நிறையப் பேர் கேட்டிருப்பீர்கள். ஓவரி என்று டாக்டர்கள் சொல்லும் சினைப்பையைப் பற்றிய பேச்சு இது. கனிவாகத்தான் சொல்வார்கள். வீட்டிலும் "ஆமா, ஒரே செலவா போயிடும்" என்று தலையாட்டுவார்கள். படுக்கப்போகிறவளை மட்டும் யாரும் உட்காரவைத்து விளக்க மாட்டார்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி இதையே போனில் சொன்னாள். வயது 41. ஃபைப்ராய்டு கட்டி, பெரும்பாடு. அடுத்த மாதம் ஆபரேஷனாம். ஸ்கேனில் சினைப்பை இரண்டும் நன்றாக இருக்கிறது என்றே எழுதியிருக்கிறதாம். "அப்புறம் எதுக்கு எடுக்கிறாங்க?" என்று கேட்டேன். "பின்னாடி தொல்லை வரக்கூடாதுன்னு டீச்சர்" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பதிவு நீளம். ஆண்களும் பொறுமையாகப் படியுங்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் பேனா பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் அறிவியல் நடத்தியவள் நான். நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். பிட்யூட்டரி, தைராய்டு, கணையம், அட்ரினல் என்று வரும் வரிசையில் சினைப்பையும் இருக்கும். அது பிள்ளை பெறுவதற்கான உறுப்பு மட்டுமல்ல, ஒரு சுரப்பி. அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் எலும்புக்குப் போகிறது, ரத்தக் குழாய்க்குப் போகிறது, மூத்திரப்பைக்குப் போகிறது. மூளையில் உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்துக்கும் போகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை, ஆபரேஷன் மேஜையில் படுக்கப்போகும் அம்மாவிடம் மட்டும் மறைத்துவிடுகிறோம்.

ஒருவருக்குத் தைராய்டு சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டால் என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே கையில் தைராக்சின் மாத்திரை இருக்கும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். "வயசானா அப்படித்தான், பொறுத்துக்கோ" என்று யாராவது சொல்வார்களா? சினைப்பைகளை எடுத்த 41 வயதுப் பெண்ணுக்கு என்ன கொடுத்து அனுப்புகிறார்கள்? இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், "ரெண்டு மாசம் வெயிட் தூக்காதே" என்ற அறிவுரை. அத்தோடு அவள் கதை முடிந்தது.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குடலிறக்க ஆபரேஷனுக்குப் போகும் நாற்பத்தைந்து வயது ஆணிடம், "பிள்ளைங்க பெத்தாச்சு, கூடவே விரைகளையும் எடுத்துடலாம் சார், பின்னாடி கேன்சர் பயம் இருக்காது" என்று எந்த டாக்டராவது சொன்னதுண்டா? சொன்னால் அந்த ஆஸ்பத்திரியின் கண்ணாடி மிஞ்சுமா? அங்கே கேட்கவே கூசும் கேள்வியை இங்கே வெண்டைக்காய் வாங்குவது போலக் கேட்கிறார்கள்.

இயற்கையாக மாதவிடாய் நிற்பது வேறு. அது மாடிப்படி இறங்கி வருவது மாதிரி. சில வருடங்கள் எடுக்கும். அதிலும் கஷ்டம் உண்டு, ஆனால் உடம்புக்குப் பழக நேரம் கிடைக்கிறது. இரண்டு சினைப்பைகளையும் எடுப்பது மாடியிலிருந்து தள்ளிவிடுவது. திங்கட்கிழமை இருந்த ஹார்மோன் அந்த வாரக் கடைசியில் இல்லை. அதனால்தான் இந்தப் பெண்களுக்கு அனலும் வியர்வையும் தூக்கமின்மையும் பெரும்பாலும் மற்றவர்களைவிடக் கடுமையாக வருகின்றன. அமெரிக்காவில் பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' ஆய்வில், இயற்கையாக மாதவிடாய் நின்றவர்களிலேயே பாதிப் பேருக்கு இந்த அனல் ஏழு வருடத்துக்கு மேல் நீடித்திருக்கிறது. "ஆறு மாசத்துல சரியாயிடும்" என்று நமக்குச் சொல்கிறவர்கள் எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறார்கள்?

எனக்கு ஆபரேஷன் நடந்தது 2004 கோடை விடுமுறையில். அப்போது வயது 43. ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கர்ப்பப்பையில் கட்டி. சினைப்பைகளில் ஒரு குறையும் இல்லை. இரண்டையும் எடுத்தார்கள் என்பதே எனக்கு டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துத்தான் தெரிந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில் நெஞ்சிலிருந்து குபீரென்று ஓர் அனல் கிளம்பி முகத்துக்கு ஏறும். சாக்பீஸ் கையில் நனைந்து போகும். கடைசி பெஞ்சுப் பையன்கள் "டீச்சருக்கு என்னமோ ஆயிடுச்சுடா" என்று கிசுகிசுப்பது காதில் விழும்.

பகலைச் சமாளித்துவிடலாம். ராத்திரியைத்தான் சமாளிக்க முடியாது. பத்தரைக்குப் படுத்தால் ஒன்றரைக்கு முதல் விழிப்பு. கழுத்து, முதுகு எல்லாம் நனைந்திருக்கும். எழுந்து நைட்டி மாற்றி, ஃபேனைக் கூட்டி வைத்துப் படுத்தால் பத்து நிமிஷத்தில் குளிரும். போர்த்தினால் மறுபடி வேகும். நாலரைக்குப் பால்காரர் மணி. ஐந்தரைக்கு அடுப்படி. ஒன்பதே முக்காலுக்கு முதல் பீரியட். இப்படி ஒரு வாரம் இரண்டு வாரம் அல்ல, வருடங்கள்.

டாக்டரிடம் போனேன். ஒருவர் "வயசானா அப்படித்தான்" என்றார். 44 வயதில்! இன்னொருவர் "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க, கோயிலுக்குப் போங்க" என்றார். மூன்றாமவர் அல்பிரசோலம் எழுதினார். அது கண்ணை மூட வைத்தது, வியர்வையை நிறுத்தவில்லை. நனைந்த தலையணையில் மயங்கிக் கிடந்ததுதான் மிச்சம். சொந்தக்காரர்கள் உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள், "கர்ப்பப்பைக்கு பலம்" என்று. எடுத்து எறிந்த கர்ப்பப்பைக்கு எங்கிருந்து பலம் வரும்?

"ஹார்மோன் மாத்திரை ஏதாவது உண்டா?" என்று நானே கேட்டேன். "ஐயையோ, கேன்சர் வரும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இந்த ஒரு வரிதான் என் இருபது வருடத் தூக்கத்தைத் தின்றது. எனவே இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

2002-ல் அமெரிக்காவில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். உலகமே பயந்தது. அந்தப் பகுதியில் இருந்தவர்கள் கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள். சராசரி வயது 63. அவர்களுக்குக் கொடுத்தது ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் வரலாம், அதனால் இரண்டும் சேர வேண்டும். அந்தக் கூட்டு மாத்திரையில் பத்தாயிரம் பெண்களுக்கு வருடத்துக்கு எட்டு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பகுதி இருந்தது. கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்கள். அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும். அதை 2004-ல் நிறுத்தினார்கள். நிறுத்தியதற்குக் காரணம் பக்கவாத அபாயம் கூடியது. மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. பின்னாட்களில் தொடர்ந்து பார்த்தபோது குறைந்தே இருந்தது. அதாவது, எங்களைப் போல் கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கான விடை அதே ஆய்வில் இருந்தது. எனக்கு ஆபரேஷன் நடந்த அதே வருடத்தில்! செய்தித்தாளின் பயம் மட்டும் எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்தது, விடை வந்து சேரவில்லை.

இன்று மாதவிடாய் நிற்றல் தொடர்பான மருத்துவ அமைப்புகள் சொல்வது இதுதான்: சிறு வயதிலேயே சினைப்பைகளை எடுக்க நேர்ந்தால், தடை ஏதும் இல்லாதபட்சத்தில், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது, ஏறக்குறைய ஐம்பது வரை, ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதைப் பரிசீலிக்க வேண்டும். இது ஆடம்பரமோ இளமை மோகமோ அல்ல. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது, அவ்வளவுதான். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பக்கவாதம் அல்லது ரத்தக்கட்டு வந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள் போன்றோருக்குப் பொதுவாக இது கூடாது. தோலில் தடவும் ஜெல்லாகவும், ஒட்டும் பட்டையாகவும் எடுத்தால் மாத்திரையைவிட ரத்தக்கட்டு அபாயம் குறைவு. இதையெல்லாம் நிறுத்து நிதானித்துச் சொல்வதற்குத்தான் டாக்டர். "ஐயையோ" என்று சொல்ல டாக்டர் எதற்கு? அதைப் பக்கத்து வீட்டு அக்காவே சொல்வார்.

எனக்கு இப்போது 64. அறுபது தாண்டி, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடம் கழித்து, புதிதாக ஹார்மோன் ஆரம்பித்தால் நன்மையைவிட ஆபத்து மிஞ்சக்கூடும். எனவே அந்தக் கதவு எனக்குச் சாத்தியாகிவிட்டது. திறந்திருந்த காலத்தில் அப்படி ஒரு கதவு இருப்பதையே யாரும் காட்டவில்லை. என் கோபம் அங்கேதான்.

"சினைப்பையில் கேன்சர் வந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குடும்பத்தில் அம்மா, சித்தி, அக்கா என்று மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் வரிசையாக வந்திருந்தால், பிராக்கா மரபணுக் கோளாறு இருந்தால், எடுப்பது உயிர் காக்கும். ஏற்கெனவே புற்றுநோய் இருந்தாலோ, கடுமையான எண்டோமெட்ரியோசிஸ் சினைப்பைகளைச் சிதைத்திருந்தாலோ எடுக்கத்தான் வேண்டியிருக்கும். அவர்களைப் பார்த்து நான் பேசவில்லை. ஆனால் அப்படி எந்தக் காரணமும் இல்லாத சராசரி இந்தியப் பெண்ணுக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றைக்கூட எட்டாது. அந்த ஒன்றுக்காக மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் எலும்பையும் இதயத்தையும் தூக்கத்தையும் பணயம் வைப்பதா? அமெரிக்க நர்ஸ்களை இருபது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009-ல் வந்தது. சினைப்பைகளை எடுத்தவர்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் குறைந்தது, ஆனால் இதய நோயும் மொத்த மரணங்களும் கூடுதலாக இருந்தன. சினைப்பைப் புற்றுநோயில் பெரும்பகுதி கருக்குழாயில்தான் தொடங்குகிறது என்பதும் இப்போது தெரிந்த விஷயம். குழாய்களை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பைகளை விட்டுவைக்கலாம். "பின்னால் கட்டி வந்து மறு ஆபரேஷன் ஆகுமே" என்றால், சிலருக்கு ஆகலாம். பெரும்பாலோருக்கு ஆகாது.

இனி, இந்த விஷயம் என் ஒருத்தியின் புலம்பல் அல்ல என்பதற்குச் சில செய்திகள். 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில்தான் முதன்முறையாகக் கர்ப்பப்பை நீக்கம் பற்றிக் கேட்டார்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 3 சதவீதம் பேர் எடுத்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் எடுத்துக்கொண்டது 34 வயதுக்குள். மூன்றில் இரண்டு பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளில். கர்ப்பப்பையைக் கேட்டார்கள், சினைப்பையைக் கேட்கவில்லை. அதனால் எத்தனை பெண்கள் மாடியிலிருந்து தள்ளப்பட்டார்கள் என்ற கணக்கே இல்லை.

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் 2019-ல் கணக்கெடுத்தபோது, கரும்பு வெட்டும் 82 ஆயிரம் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பை இல்லாமல் இருந்தார்கள். 2023 ஏப்ரலில், தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

சம்மதம் பற்றியும் தீர்ப்பு இருக்கிறது. சமீரா கோலி வழக்கு, 2008 ஜனவரி. 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்குப் போனார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த தாயாரிடம் கேட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது, உயிருக்கு ஆபத்து இல்லாதபோது தாயார் சொன்னதும் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். தாய்க்கே உரிமை இல்லை என்றால், "வீட்டுக்காரர் ஓகே சொல்லிட்டார்" என்பதற்கு என்ன மதிப்பு? அந்தச் சம்மதப் படிவத்தைத் தமிழில் படித்துக்காட்டுங்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை இவை. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. மருந்திலோ, மிரெனா போன்ற ஹார்மோன் சாதனத்திலோ, கட்டியை மட்டும் எடுப்பதிலோ இதைச் சமாளிக்க முடியாதா?
2. என் சினைப்பைகளில் நோய் இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் எடுக்கிறீர்கள்?
3. குழாய்களை மட்டும் எடுத்துச் சினைப்பைகளை விட முடியுமா?
4. எடுத்தே ஆக வேண்டும் என்றால், மறுநாளிலிருந்து ஈஸ்ட்ரோஜனுக்கு என்ன ஏற்பாடு? எனக்கு அது கூடாது என்றால் வேறு என்ன?

"இவ்வளவு கேள்வி கேட்டா டாக்டர் கோபப்படுவார் டீச்சர்" என்றாள் அந்த மாணவி. கோபப்படட்டும். கேள்வி கேட்கிற பிள்ளையிடம் கோபப்படுகிற வாத்தியாரைப் பற்றி நமக்கு என்ன அபிப்பிராயமோ அதுவேதான் இங்கும்.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்கு: பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். 'பி.எஸ்.ஓ.' என்றோ 'பைலேட்டரல் சால்பிங்கோ ஊஃபரெக்டமி' என்றோ இருந்தால் இரண்டு சினைப்பைகளும் போய்விட்டன என்று பொருள். நாற்பதுகளில் இருந்தால் தாமதிக்காமல் ஹார்மோன் பற்றிப் பேசுங்கள். அது ஒத்துவராதவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. வெனலாஃபாக்சின், ராத்திரியில் கேபபென்டின் போன்றவை அனலைக் குறைக்கின்றன. டாக்டர் எழுதினால் மட்டும் எடுங்கள், என் பதிவைக் காட்டி மருந்துக்கடையில் வாங்காதீர்கள். அடிக்கடி மூத்திரக் கடுப்பு, வறட்சி இருந்தால் அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பெரும்பாலானவர்களுக்கு அறுபதுக்கு மேலும் பயன்படும். இதைச் சொல்ல வெட்கப்பட்டே எத்தனை பேர் வருடக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் விழுங்குகிறார்கள்! எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்றும் கேளுங்கள்.

தூக்கத்துக்கு எனக்குக் கைகொடுத்தது தூக்கமின்மைக்கான நடத்தைப் பயிற்சி. உலகம் முழுக்க நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகச் சொல்லப்படுவது இதுதான், மாத்திரை அல்ல. எந்த நேரத்துக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது. கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குப் போவது. இருபது நிமிஷம் போல் தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து வேறு அறையில் உட்காருவது. மதியத் தூக்கத்தை விடுவது. முதல் இரண்டு வாரம் உயிர் போகும். ஆனால் மூன்றாம் மாதத்தில் நான் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்கினேன். அனல் இன்னும் போகவில்லை, வந்தாலும் மறுபடி தூங்கிவிடுகிறேன். குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் அதைத் தனியாகப் பரிசோதியுங்கள், மாதவிடாய் நின்றபின் அது கூடும். அல்பிரசோலம் வருடக்கணக்கில் எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தாதீர்கள், ஆபத்து. டாக்டர் துணையோடு படிப்படியாகக் குறையுங்கள்.

அரசாங்கத்திடமும் ஒரு கோரிக்கை. 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வீடாக வருகிறது. ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். நல்ல திட்டம். அந்தப் படிவத்தில் இரண்டு கேள்வி சேருங்கள்: "கர்ப்பப்பை, சினைப்பை எடுத்திருக்கிறதா, எந்த வயதில்?" "ராத்திரி தூங்குகிறீர்களா?" சினைப்பைகளை எடுக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஏன் எடுத்தோம், அதற்கு ஈடாக என்ன கொடுத்தோம் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். பைசா செலவில்லாத வேலை.

வீட்டில் உள்ள ஆண்களே, உங்கள் மனைவி ராத்திரி மூன்று மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருந்தால் "ஏன் லைட்டைப் போடுற?" என்று கேட்காதீர்கள். எத்தனை நாளாக இப்படி என்று கேளுங்கள். அடுத்த வாரமே ஒரு நல்ல மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.